நம் சுடுகாட்டில் ஏன் கல் இல்லை?

ஒரு கிராமத்தில் எது ஊர் மயானம், எது சேரி மயானம் என்று தெரிந்துகொள்ளப் பெயர்ப்பலகை தேவையில்லை. ஊர் மயானத்துக்கு சிமெண்ட் சாலை போகும். எரிமேடைக்குக் கூரை இருக்கும், கைபம்பு இருக்கும், சுற்றுச்சுவரில் அதைக் கட்டிக் கொடுத்தவரின் பெயர் பெயிண்டில் எழுதியிருக்கும். உள்ளே நான்கைந்து சமாதிகளாவது டைல்ஸ் பதித்து, கருங்கல்லில் பெயர் வெட்டி, தோற்றம், மறைவு என்று தேதி போட்டு நிற்கும். சேரி மயானம் ஓடைக்கரையிலோ ஏரி உள்வாயிலோ இருக்கும். போகிற வழி யாரோ ஒருவருடைய வரப்பு. உள்ளே சீமைக் கருவேலம். அதற்கு நடுவே மண்மேடுகள். இரண்டு மழைக்காலம் போனால் எந்த மேடு யாருடையது என்று புதைத்தவர்களுக்கே அடையாளம் தெரியாது.

களப்பணிக்காக வட மாவட்டங்களின் சேரிகளுக்குச் சில ஆண்டுகளாகப் போய்வருகிறோம். மயானத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மக்கள் முதலில் சொல்வது பாதையைத்தான். அது நியாயம். 2016 ஜனவரியில் மயிலாடுதுறைப் பக்கம் வழுவூர் திருநாள்கொண்டச்சேரியில், பொதுப்பாதையில் உடலைக் கொண்டுபோக உயர் நீதிமன்றமே உத்தரவிட்ட பிறகும், காவல்துறை அந்த முதியவரின் உடலை எடுத்து வேறு வழியாகக் கொண்டுபோய்ப் புதைத்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி உடலை இறக்கிய காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உயிரோடு இருப்பவர் நடக்கவே வழியில்லாத இடத்தில் செத்தவருக்குக் கல் வேண்டுமா என்ற கேள்வி எழுவது இயல்பு.

மாணவர் கூட்டங்களிலும் இந்தக் கேள்வி வருகிறது. சற்றுக் கோபமாகவே வருகிறது. கல்லறை கட்டுவது வீண் செலவு, மூடத்தனம், அந்தக் காசில் ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கலாம் என்கிறார்கள். பகுத்தறிவு மரபிலிருந்து வரும் தோழர்களின் வாதம் இது. இதை மதிக்கிறோம், ஆனால் ஏற்கவில்லை. கல்வியா கல்லா என்று யாரும் நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் இரண்டையும்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒரு கல்லறைக் கல் என்ன சொல்கிறது? முதலில் ஒரு பெயர். அடுத்து, அந்தப் பெயருக்கு உரியவர் இந்த இடத்தில் இருக்கிறார் என்ற செய்தி. மூன்றாவதாக ஒரு சின்னம்: அவர் எப்படிப்பட்டவராக நினைக்கப்பட வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் எடுத்த முடிவு. பெயர், இடம், சின்னம் மூன்றையும் சாதி நம்மிடமிருந்து பறித்து வைத்திருந்தது. சமூகவியல் வகுப்பில் சமூக அந்தஸ்து என்று எத்தனையோ பக்கங்கள் படித்தோம். அதை ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமானால் ஒரு மதியம் இரண்டு மயானங்களுக்கும் போய்வந்தால் போதும்.

சின்னத்திலிருந்து தொடங்குவோம். சென்னையின் பழைய கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களில் வெள்ளைக்காரர் காலத்துக் கற்களைப் பார்த்திருப்பீர்கள். பாதியில் உடைந்த தூண் ஒன்று நிற்கும். அது இடிந்து போனதல்ல, அப்படியே செதுக்கியது. இளம் வயதில் முடிந்த வாழ்க்கை என்று அதற்குப் பொருள். ஆட்டுக்குட்டி படுத்திருந்தால் பெரும்பாலும் குழந்தையின் கல்லறை. நங்கூரம் நம்பிக்கை. கோத்த இரு கைகள் கணவன் மனைவி, அல்லது விடைபெறுதல். துணி போர்த்திய ஜாடி துக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படிக்கக்கூடிய மொழி அது. அதன் பக்கத்திலேயே நம்மவர் கற்களும் இருக்கின்றன. சிலுவை, திறந்த வேதாகமம், ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற வரி. அதற்குக் கீழே, பல கற்களில், பி.ஏ., பி.எட்., ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அல்லது ரயில்வே. அல்லது செவிலியர், அரசு மருத்துவமனை.

செத்த பிறகுமா பட்டம் என்று இதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகப் பட்டம் இருந்திருக்கும், அதனால் சிரிக்க முடிகிறது. தாத்தா கைநாட்டு, அப்பா எட்டாவது, மகள் ஆசிரியர் என்று ஏறிவந்த குடும்பத்தில் அந்த மூன்று எழுத்துகள்தான் சிலுவையை விடப் பெரிய சின்னம். இப்போது அம்பேத்கரியக் குடும்பங்களில் புதிதாக ஒரு வகைக் கல் வருகிறது. நீல வண்ணம், அசோகச் சக்கரம், சில இடங்களில் புத்தர், மேலே ‘ஜெய்பீம்’. ஓமும் சிலுவையும் பிறையும் இல்லாத இந்தக் கல், அந்த வீட்டில் நடந்த பெரிய விவாதத்தின் முடிவு. பங்காளிகள் சண்டை போட்டிருப்பார்கள், பதினாறாம் நாள் காரியம் நடந்ததா இல்லையா என்ற பிரச்சினை வந்திருக்கும். அதையெல்லாம் தாண்டித்தான் அந்தச் சக்கரம் அங்கே ஏறியிருக்கிறது.

தேதிகளையும் கவனியுங்கள். நம் பாட்டிகளின் கற்களில் தோற்றம் 01.01 என்று இருக்கும். ஆதாரில் போட்ட தேதி அது. அடுத்த தலைமுறையில் மே, ஜூன் மாதப் பிறப்புகள் வரிசையாக வரும். பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் கணக்குப் பார்த்து எழுதிய தேதிகள். உண்மையான பிறந்த நாளை யாரும் குறித்து வைக்கவில்லை. அரசாங்கம் நம்மை எப்போது எழுதத் தொடங்கியதோ, அப்போதிருந்துதான் கல்லில் நமக்கு வயது.

மதம் மாறினால் மண்ணும் மாறும் என்று நம்பித்தான் நம்மில் பலர் தேவாலயத்துக்குப் போனார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் குழிகளையும் சாதிக் கிறிஸ்தவர்களின் குழிகளையும் பிரித்துச் சுவர் எழுப்பியிருந்ததை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராட்டம் நடந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே சிலுவை, ஒரே வேதவசனம், ஒரே பாதிரியார். விழுப்புரம் மாவட்டம் எறையூரில் 2008இல் வெடித்த மோதலுக்குப் பின்னாலும் தனிக் கல்லறை, சவ ஊர்வலத்துக்குத் தனி வழி ஆகிய பாகுபாடுகள் இருந்தன. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. சின்னம் ஒன்றாக இருந்தாலும் இடம் வேறாக இருந்தால் சாதி தப்பித்துக்கொள்ளும் என்பதற்கு அந்தச் சுவரை விட நல்ல பாடம் கிடைக்காது.

கல் நடுவதே நம் பண்பாடு இல்லை, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சொல்பவர்களுக்கும் பதில் உண்டு. தமிழ்நாட்டில் கல் நடுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களில் தமிழி எழுத்து இருக்கிறது. ஆநிரை கவரும் பூசலில் இறந்த ஒருவனின் பெயரும் ஊரும் அவற்றில் ஒன்றில் இருக்கின்றன. தொல்காப்பியம் கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி வாழ்த்துவது வரை நடுகல்லுக்கான படிநிலைகளை வரிசையாகச் சொல்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவனோடு நின்று கள்வர்களைக் கடித்த நாய்க்கும் அதில் இடம் உண்டு. நாயின் பெயர் கோவிவன். நாய் சும்மா இருக்கவில்லை, தன் பங்கைச் செய்தது, கல்லில் ஏறியது. அந்த நாயின் மேல் நமக்கு எந்தப் பொறாமையும் இல்லை. ஆனால் ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்பே ஒரு நாயின் பெயரைக் காப்பாற்றத் தெரிந்த சமூகம் இது என்பதை மறந்துவிட வேண்டாம். எழுதத் தெரியாததால் நம் பெயரை விட்டுவிடவில்லை.

நம்மைக் கல்லில் எழுதவே இல்லை என்று சொன்னாலும் அது பிழை. எழுதியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில், கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரி இல்லாத நிலங்களைக் கழிக்கும் பட்டியல் வருகிறது. ஊர் நத்தம், குளம், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு, பறைச்சுடுகாடு. சுடுகாடு தனி, பறைச்சுடுகாடு தனி. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு நம் மயானம் கல்லில் இருக்கிறது. அதில் கிடந்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. இன்று வருவாய்த்துறைக் கணக்கில் ‘ஆதிதிராவிடர் மயானம்’ என்று தனியாக எழுதும்போது எந்தக் கையெழுத்தின் தொடர்ச்சியை எழுதுகிறோம் என்று அந்த அலுவலர்கள் ஒருமுறை தஞ்சாவூர் போய்ப் படித்துவிட்டு வரலாம். நாராயணபுரம் சம்பவத்துக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றமும் ஏறத்தாழ இதையேதான் கேட்டது: ஆதிதிராவிடருக்குத் தனி மயானம் எதற்கு?

இன்னொரு முரண். ஊர் மயானத்தில் குழி வெட்டியவர், எரிமேடையில் விறகு அடுக்கியவர், விடியும்வரை நின்று உடலை எரித்தவர், சாவுச் செய்தியை அக்கம்பக்க ஊர்களுக்கு நடந்துபோய்ச் சொன்னவர், பறை அடித்தவர் யார்? எல்லோருடைய சாவுக்கும் வேலை செய்தவர்களுக்குத் தங்கள் சாவில் ஒரு கல் இல்லை. வெட்டியான் என்று ஊர் அழைத்த அந்த மனிதரின் சொந்தப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பெண்கள் நிலை இதைவிட மோசம். ஆணுக்குத் தப்பித் தவறிக் கல் வைத்தாலும் பெண்ணுக்கு ‘இன்னாரின் மனைவி’ என்ற வரிதான் மிஞ்சுகிறது. வாழ்நாளெல்லாம் நாற்று நட்டவருக்கு, கணவன் பெயர் போட்ட கல்லின் ஓரத்தில் கடைசி வரி.

சரி, எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கல் என்று யாராவது உலகத்தில் முயன்றிருக்கிறார்களா? முயன்றிருக்கிறார்கள். சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது ஒருமுறை இறங்கிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டோர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்ற வேறுபாடு இல்லை. 1917இல் தொடங்கிய பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறை ஆணையம் எடுத்த முடிவு அது: பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லோருக்கும் சமமான நினைவுச் சின்னம். பணக்காரக் குடும்பங்கள் தங்கள் மகனுக்குத் தனிக் கல் கேட்டு இங்கிலாந்தில் பெரிய சண்டையே போட்டன. ஆணையம் மறுத்துவிட்டது. அந்த வரிசைகளுக்கு நடுவில் நடக்கும்போது மனம் நெகிழத்தான் செய்கிறது.

ஆனால் சமத்துவம் எங்கே நின்றது என்று பாருங்கள். 2021 ஏப்ரலில் அதே ஆணையம் தன் பழைய கோப்புகளைப் புரட்டி ஒரு அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காக இறந்த ஆப்பிரிக்கர், இந்தியர், எகிப்தியர் முதலானோரில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை. இவர்களில் பெரும்பகுதி கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும். சுமை தூக்கியவர்கள். ஏன் விட்டார்கள்? அந்தக் காலத்தில் கோல்ட் கோஸ்டின், அதாவது இன்றைய கானாவின், ஆளுநர் சொன்ன காரணம் கோப்பில் இருக்கிறது: அங்குள்ள சாதாரண மனிதருக்குக் கல்லறைக் கல்லின் அருமை புரியாதாம்.

இந்தக் குரலை நமக்கு நன்றாகத் தெரியும். ‘அதுங்களுக்கு எதுக்குய்யா இதெல்லாம்’ என்று டீக்கடையில் கேட்ட குரல். உனக்கு வேண்டியதில்லை என்று முதலில் முடிவு செய்துவிட்டு, நீ கேட்கவே இல்லையே என்று பின்னால் சொல்லும் குரல்.

தாய்லாந்தின் காஞ்சனபுரியிலும் இதே கதை. 1942, 43இல் ஜப்பானியப் படை சயாம்–பர்மா ரயில் பாதையைப் போட்டபோது போர்க்கைதிகளோடு மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களும் பல்லாயிரக் கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். அந்தத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களில் கணிசமானோர் நம் சேரிகளிலிருந்து போனவர்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் வரிசையாக, பெயரோடு, வெட்டிப் பராமரித்த புல்லுக்கு நடுவே கிடக்கிறார்கள். பாதை ஓரத்துக் குழிகளில் தள்ளிய ஆசியத் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. அண்மை ஆண்டுகளில் அங்கே தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் எழுப்பியிருக்கிறார்கள். நல்லது. பெயர்கள்தான் திரும்பிவராது. பட்டியல் போட்டு வைத்தவர் யாரும் இல்லை.

இனி, நாமே எழுப்பிய கற்களைப் பற்றிப் பேச வேண்டும். நம்மிடம் கல் இல்லை என்று இதுவரை சொன்னதற்கு விதிவிலக்குகள் உண்டு. அவை பெரும்பாலும் கொலையில் பிறந்தவை.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசையில் எரிந்த 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அங்கே மார்க்சிஸ்ட் கட்சி எழுப்பிய நினைவுத் தூணும் பறக்கும் செங்கொடியும் அவர்களை விவசாயத் தொழிலாளர்களாக, தியாகிகளாக நினைவுகூர்கின்றன. அது பொய்யில்லை, கூலி கேட்டுத்தான் போராடினார்கள். ஆனால் எரிந்தது தெருவில் ஒரு வீடு அல்ல, சேரியில் ஒரு குடிசை. இதைச் சொல்ல அந்தத் தூணில் ஒரு சின்னமும் இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் சிவப்பா நீலமா என்று நம் தோழர்களுக்குள் நடக்கும் வாக்குவாதத்தை வீண் சண்டை என்று நாங்கள் நினைக்கவில்லை. இறந்தவர்கள் யார் என்று சொல்லும் உரிமை பற்றிய சண்டை அது. நடக்கட்டும். ஆனால் அந்தக் கட்சியும் இல்லாமல் போயிருந்தால் அந்த இடத்தில் இன்று எந்தத் தூணும் இருந்திருக்காது என்பதையும் சொல்லிவிட்டுச் சண்டை போடுவோம்.

மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஆறு பேரும் பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஏழு பேரும் புதைந்த இடத்தை மக்கள் ‘விடுதலைக் களம்’ என்கிறார்கள். அந்தப் பெயரைக் கவனியுங்கள். சமாதி இல்லை, நினைவகம் இல்லை, களம். சென்னை ஓட்டேரி இடுகாட்டில் இரட்டைமலை சீனிவாசனின் நினைவிடத்துக்கும் ‘உரிமைக் களம்’ என்று பெயர். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்த மனிதர், 1945இல் மறைந்தவர், ஒரு சாதாரண இடுகாட்டுக்குள் இருக்கிறார். ஒரு வகையில் அது பொருத்தம்தான். சென்னை மாணவர்களில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறீர்கள்? மெரினாவுக்குப் பேருந்து ஏறும் அளவுக்கு ஓட்டேரிக்கு யாரும் ஏறுவதில்லை.

மேலவளவுக் குற்றவாளிகளில் 13 பேரை 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலை செய்தார்கள். சிறைக்கணக்கு முடிந்துவிட்டது. கல் அங்கேயேதான் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று மக்கள் வந்து பெயர்களைப் படிக்கும்போது வழக்கு திரும்ப ஒருமுறை நடக்கிறது. ஆதிக்கச் சாதிகளுக்கு நம் கற்களின் மேல் இவ்வளவு எரிச்சல் வரக் காரணம் இதுதான். பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாளான 2011 செப்டம்பர் 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 6 பேர் செத்தார்கள். ஒரு கல்லறைக்கு மாலை போட வந்தவர்கள்.

பீமா கோரேகானில் தூணை நட்டது நம் ஆட்கள் அல்ல. 1818 ஜனவரி 1 போரின் வெற்றியைக் கொண்டாடக் கிழக்கிந்தியக் கம்பெனி நட்டது. அதில் வெட்டிய பெயர்களில் இருபதுக்கும் மேற்பட்டவை ‘நாக்’ என்று முடிகின்றன. மகர் பெயர்கள். கம்பெனிக்கு அது ஒரு வருகைப் பதிவேடு மட்டும்தான். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே போய் நின்றார். அதற்குப் பிறகு அந்தத் தூண் கம்பெனியின் தூணாக இல்லை. கல்லில் பெயர் இருந்ததால்தான் நூறு ஆண்டு கழித்து ஒருவர் அதைப் படிக்க முடிந்தது. பெயர் இல்லாமல் ‘வீரச் சிப்பாய்கள்’ என்று மட்டும் வெட்டியிருந்தால் அவர் எதைப் படித்திருப்பார்?

தலைவர்களின் கல் இப்படி. சாதாரணச் சாவுகளின் கல் என்ன செய்யும்? நிலத்தைக் காப்பாற்றும். எங்கள் அனுபவத்தில் அதுதான் பெரிய விஷயம். சேரி மயானம் பெரும்பாலும் புறம்போக்கு. பக்கத்து நிலத்துக்காரர் ஆண்டுக்கு ஓர் ஏர்ச் சால் உள்ளே தள்ளுவார். நாற்பது செண்ட் இருபத்தைந்து ஆகும். கேட்டால், இங்கே எங்கே பொணம் இருக்கு, காட்டு என்பார். மண்மேட்டைக் காட்ட முடியாது. பெயரும் தேதியும் வெட்டிய கல்லின் மேல் டிராக்டர் ஓட்ட எவ்வளவு துணிச்சல்காரரும் யோசிப்பார். சர்வேயர் வரும்போது, தாசில்தார் வரும்போது, வழக்கு நடக்கும்போது, இந்த ஆண்டில் இந்த இடத்தில் இந்த மக்கள் புதைத்தார்கள் என்பதற்கு அந்தக் கல் சாட்சி நிற்கும்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமே சுடுகாட்டைப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தத்தின் வழியாக வந்த பிரிவு 3(1)(இசட்.ஏ), மற்றவர்களுக்குச் சமமாக மயானத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதை வன்கொடுமை என்றே சேர்த்திருக்கிறது. இந்தப் பிரிவின் கீழ் புகார் எழுதத் தெரிந்த மாணவர்கள் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்க வேண்டும். 2021இல் தமிழ்நாடு அரசு, சாதி வேறுபாடு இல்லாத பொது மயானம் வைத்திருக்கும் ஊர்களுக்கு 10 லட்சம் ரூபாய் பரிசு என்று அறிவித்தது. அரசமைப்புச் சட்டத்தைப் பின்பற்றினால் பரிசு! ஹெல்மெட் போட்டவருக்குத் தங்கக் காசு கொடுப்பது போல. வாங்கிக்கொள்கிறோம். ஆனால் பொது மயானம் வந்த பிறகும் உள்ளே கிழக்கு மூலை யாருக்கு, மேற்கு மூலை யாருக்கு என்று போய்ப் பாருங்கள். கல்லைப் படித்தால் தெரிந்துவிடும்.

எனவே விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் தெருவின் மயானத்துக்குப் பகலில் ஒருமுறை போங்கள். வயதான ஒருவரை, முடிந்தால் குழி வெட்டும் வேலை செய்தவரை, உடன் அழைத்துப் போங்கள். தாத்தா இது யாரோடது, ஆயா இது யாரோடது என்று ஒவ்வொரு மேடாகக் கேட்டு எழுதுங்கள். அவர்களுக்குப் புளியமரத்தை வைத்து, கிணற்றை வைத்து, எந்த வெள்ளத்துக்கு முன்னால் பின்னால் என்று வைத்துக் கணக்குத் தெரியும். பெண்களின் பெயரைக் கணவன் பெயர் இல்லாமல் எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் அந்தப் புல எண் என்ன, பரப்பு எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். எழுதிய பட்டியலை நாலு பேரிடம் கொடுத்து வையுங்கள், ஒருவர் செல்பேசியில் மட்டும் இருந்தால் செல்பேசியோடு போய்விடும். எல்லா மேட்டுக்கும் பளிங்குக்கல் கேட்கவில்லை. ஒரே ஒரு கல் போதும், எல்லாப் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒரு தெரு சேர்ந்தால் முடிகிற செலவு அது.

என்ன சின்னம் வைப்பது என்பதுதான் சிக்கலாகிவிடுகிறது. நாங்கள் பழகும் ஒரு தெருவில் போன மாதம் இது நடந்தது. செவிலியர் படிப்பு படிக்கும் பெண் தன் ஆயாவுக்குக் கல் வைக்கக் கிளம்பினாள். மாமா அம்மன் படம் கேட்டார். அண்ணன் அசோகச் சக்கரம் என்றான். இவள் கதிர் அறுவாள் வேண்டும் என்றாள். ஆயாவின் கையில் அவள் பார்த்த ஒரே பொருள் அதுதானாம். டவுனில் கிரானைட்டில் பெயர் வெட்டும் கடைக்குப் போனோம். கடைக்காரர் கம்ப்யூட்டரில் வைத்திருந்த படங்களைக் காட்டினார்: ஓம், சிலுவை, பிறை, குத்துவிளக்கு, தாமரை, ரோஜா. அறுவாள் கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, “கட்சிக்காரங்களாம்மா?” என்றார்.

“இல்லண்ணே, நெல்லு அறுத்தவங்க.”

அவரிடம் அந்தப் படம் இல்லை. நீங்களே வரைந்து கொண்டுவாருங்கள், அதைப் பார்த்து வெட்டித் தருகிறேன் என்றிருக்கிறார். அவள் வரைந்துகொண்டிருக்கிறாள். பிடி எவ்வளவு நீளம், வளைவு எங்கே தொடங்க வேண்டும் என்று தெருப் பெண்கள் ஆளுக்கொரு திருத்தம் சொல்கிறார்கள்.